நாற்பத்தேழாம் நம்பர் கேசட்

படத்துக்கு முன்னால் வருகிற தணிக்கைச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை. கைருன்னிஸா படித்தாள். இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்ட புதிது என்பதால் சோப்பு உறை, தீப்பெட்டி, பஸ் டிக்கெட் எதையும் அவள் விட்டுவைப்பதில்லை.

"மாமா, இங்கிலீஷ் ஏ போட்டிருக்கு. சுத்தி வட்டம் வேற போட்டிருக்கு."

தியாகராசன் வாயில் போட்ட பொரிகடலையை மென்று விழுங்க மறந்தார்.

"'ஏ'ன்னா என்ன மாமா?"

கைருவுக்குப் பக்கத்தில் அவள் அண்ணன் மன்சூர் அலி, ஆறாம் வகுப்பு. அவனுக்குப் பக்கத்தில் தியாகராசனின் மகள் அல்லி, ஐந்தாம் வகுப்பு. மூன்று பேரும் டி.வி.யை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"'ஏ'ன்னா... முதல் தரம்னு அர்த்தம். பரீட்சையில போடுவாங்கல்ல, ஏ, பி, சி. அது மாதிரி."

"அப்ப நல்ல படம்!" என்று கைரு இன்னும் ஒரு முழம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் மழை பெய்தது. மழைக்கு நடுவே ஒரு பழைய வீடு. அந்த வீட்டின் கதவு, யாரும் தொடாமலேயே, மெதுவாகத் திறந்துகொண்டது.

தியாகராசன் இந்தப் படத்தை அலட்சியமாக எடுத்து வந்தவர் அல்ல. அன்று சாயங்காலம் கேசட் கடையில் அரை மணி நேரம் நின்று தேர்ந்தெடுத்தது. மனைவி அஞ்சுகம், தங்கை ராஜத்தின் வளைகாப்புக்காக நெடுங்காடு போகிறாள். ஓர் இரவு தங்கி மறுநாள் காலையில் வருவாள். அல்லியை அழைத்துப் போகவில்லை. பிள்ளைக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாதாம். போன மாதம் அம்பகரத்தூர் கோயிலுக்கு அதே பிள்ளை ஜன்னலோரத்தில் உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே போனது தியாகராசனுக்கு ஞாபகம் வந்தது. மனைவி புறப்படுகிற நேரத்தில் ஞாபகசக்தியைக் காட்டுவது நல்லதல்ல என்று விட்டுவிட்டார்.

"ராத்திரிக்குத் துணையா பக்கத்து வூட்டு ஷரீபா பிள்ளைங்க ரெண்டும் இங்க வந்து படுத்துக்கட்டும்ங்க. சொல்லிட்டேன்" என்றாள் அஞ்சுகம்.

"நான் இருக்கும்போது அல்லிக்கு எதுக்குத் துணை?"

அஞ்சுகம் இன்னொரு புடவையை மடித்துப் பையில் வைத்தாள். கிளம்பும்போது வாசல் கேட்டருகே மூன்று பிள்ளைகளையும் கூட்டி வைத்துக் குனிந்து ஏதோ ரகசியமாகச் சொன்னாள். மூன்றும் தலையாட்டின. குறும்பு பண்ணக் கூடாது என்று சொல்லியிருப்பாள் என்று தியாகராசன் நினைத்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு ஷரீபுன்னிசா பிள்ளைகளோடு படம் போடும் வீடியோ டெக்கையும் கொடுத்தனுப்பினாள். அவள் கணவர் ஜெகபர் சாதிக் துபாயிலிருந்து கொண்டுவந்த டெக். பூப்போட்ட உறை தைத்துப் போட்டு, குழந்தையைவிடப் பத்திரமாக வைத்திருந்தாள்.

"அண்ணே, நீங்க இருக்கீங்கன்னுதான் அனுப்புறேன். வைத்தியலிங்கம் அண்ணன் வூட்டுல நடந்த மாதிரி எதுவும் ஆயிடக் கூடாது. நல்ல படமா போடுங்க" என்றாள்.

வைத்தியலிங்கம் எதிர்வீட்டுக்காரர். போன மாதம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பேய்ப்படம் போட்டார். பாதிப் படத்தில் அவர் மகன் நீலமேகம் அலறியதும் பயந்துபோய் நிறுத்திவிட்டார். நீலமேகத்துக்கு மூன்று நாள் காய்ச்சல். இன்றுவரை கொல்லைப்பக்கம் தனியாகப் போகமாட்டேன் என்கிறான்.

அப்போது தெருவில் நின்று தீர்ப்புச் சொன்னவர் தியாகராசன்தான். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் அவருக்கு வேலை. பிரெஞ்சுக்காரன் ஊரை ஆண்ட காலத்துப் பெரியவர்கள் அந்த மேசையை இன்னும் பிரெஞ்சுப் பெயரால் 'எத்தா சிவில்' என்றுதான் சொல்வார்கள். தினமும் சாவை எழுதுகிற கை என்பதால், பேய் விஷயத்தில் அவர் சொன்னால் அவர்கள் குடியிருந்த தலத்தெருவில் ஒரு மரியாதை இருந்தது.

"ரெண்டு தப்பு பண்ணிட்டீங்க வைத்தியலிங்கம்" என்று விரலை மடக்கினார் அன்று. "பிள்ளைங்களுக்குப் பேய்ப்படம் போட்டது ஒண்ணு. அதப் பாதியில நிறுத்துனது அதைவிடப் பெருசு. பாதியில நிறுத்துனா பேய் நின்ன எடத்துலயே நிக்கும். முடிவு வரைக்கும் விட்டிருந்தா யாரோ வேஷம் போட்டு ஏமாத்துனான்னு தெரிஞ்சு பயம் தெளிஞ்சிருக்கும்."

வைத்தியலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். அன்றிலிருந்து தியாகராசனைப் பார்த்தால் சைக்கிளை வேறு பக்கம் திருப்புவார்.

அப்படிப்பட்ட தியாகராசன் கேசட் எடுக்கப் போனால் சும்மா எடுப்பாரா? கடைக்காரர் தெட்சிணாமூர்த்தியிடம் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"காதல் இருக்கக் கூடாது."

தெட்சிணாமூர்த்தி பாதி அலமாரியை ஒதுக்கினார்.

"டான்ஸ் கூடாது. குடிக்கிற சீன் கூடாது."

மீதியிலும் பாதி போயிற்று.

"அடிதடி, வெட்டுக்குத்து ஒண்ணும் கூடாது."

அலமாரியில் ஒரே ஒரு கேசட் நின்றது. அந்தக் கடையில் கேசட்டுகளுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். நாற்பத்தேழு.

"இதுல ஒருத்தர ஒருத்தர் தொடுறதே கெடையாது சார்" என்றார் தெட்சிணாமூர்த்தி, உண்மையாகவே.

"குடும்பப் படமா?"

"ஒரே குடும்பம், ஒரே வூடு. வெளிய போக மாட்டாங்க."

தியாகராசன் திருப்தியோடு வாங்கி வந்தார். வெளியே ஏன் போகமாட்டார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது திரையில், திறந்த கதவின் வழியே வெள்ளைப்புடவை ஒன்று உள்ளே வந்தது. புடவைக்குள் ஒரு பெண் இருந்தாள். அவளுக்குப் பாதம் இருப்பதாகத் தெரியவில்லை.

"அப்பா, படத்த நிறுத்திட்டு கேரம் ஆடலாமா?" என்றாள் அல்லி.

"பயமா இருக்கா உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா..."

பிள்ளை மறைக்கிறது என்று அவருக்குப் பாவமாக இருந்தது. நிறுத்தலாம்தான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வைத்தியலிங்கம் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். பாதியில் நிறுத்தக் கூடாது என்பது தியாகராசன் தன் வாயால் சொன்ன சட்டம். நிறுத்தினால் பேய் அந்த வாசற்படியிலேயே நிற்கும். பிள்ளைகள் பயந்து, நாளைக்கு ஒன்றுக்குக் காய்ச்சல் வந்தால், தெருவில் அவர் எந்த முகத்தோடு நடப்பது?

முடிவு வரை போவது. மோசமான இடங்களைப் பிள்ளைகள் கண்ணில் படாமல் கடத்திவிடுவது. இதுதான் அவர் போட்ட திட்டம்.

வெள்ளைப்புடவை மாடிப்படி ஏறத் தொடங்கியது. மேலே ஏதோ நடக்கப்போகிறது.

"கைரும்மா, மாமாவுக்குக் குடிக்கத் தண்ணி கொண்டா. மன்சூர், நீயும் போ, செம்பு கனமா இருக்கும். அல்லி, பானை எங்க இருக்குன்னு அவங்களுக்குக் காட்டு."

மூவரும் எழுந்து சமையல்கட்டுக்குப் போனார்கள். திட்டம் அருமையாக வேலை செய்தது. கூடத்தில் தியாகராசனும் வெள்ளைப்புடவையும் மட்டும் மிஞ்சினார்கள்.

இந்தப் பகுதியை அவர் யோசித்திருக்கவில்லை.

மேல்மாடியில் ஒரு கை ஜன்னல் கம்பியைப் பிடித்தது. தியாகராசன் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, "தண்ணி வேணாம்! எல்லாரும் வாங்க! சீக்கிரம்!" என்று கத்தினார்.

மூவரும் செம்போடு ஓடிவந்தார்கள். "என்ன மாமா?" என்றான் மன்சூர்.

"படம் போயிடும்ல. அதுக்குத்தான்."

கைரு செம்பைக் கீழே வைத்துவிட்டு அவரை ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். பயந்துவிட்டது குழந்தை என்று அவர் அவள் தலையைத் தடவினார்.

அடுத்ததாகச் சத்தத்தைக் குறைத்தார். பயமெல்லாம் அந்த வயலின் சத்தத்தில்தான் இருக்கிறது என்பது அவர் கண்டுபிடிப்பு. சத்தம் போனதும் வசனமும் போயிற்று.

"அந்தம்மா என்ன பேசுறாங்க மாமா?"

"அவங்களா? நர்ஸம்மா. நைட் டூட்டி. வெள்ளைச் சேலை கட்டியிருக்காங்க பாரு. வூட்டுல யாருக்கோ மேலுக்கு முடியல, ஊசி போட வந்திருக்காங்க."

"செருப்புச் சத்தமே வரல."

"தூங்குறவங்களுக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுல்ல?"

கைரு ஒத்துக்கொண்டாள். நர்ஸம்மா நேராகப் போய்ச் சுவருக்குள் நுழைந்தாள்.

தியாகராசன் அந்தச் சுவரை உற்றுப் பார்த்தார்.

"நர்ஸம்மா செவுத்துக்குள்ள போயிட்டாங்க மாமா."

"அங்க கதவு இருக்கும். கதவுக்கும் சேர்த்து வெள்ளையடிச்சிருக்கான், அதான் தெரியல" என்றார் தியாகராசன். சொல்லும்போது அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

மன்சூர் அல்லியைப் பார்த்தான். அல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

இனி வேகமாக ஓட்டிவிடுவதுதான் வழி. மோசமான இடமெல்லாம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். முடிவில் வேஷக்காரனைப் பிடித்துவிடுவார்கள். எல்லோரும் நிம்மதியாகப் படுக்கலாம். அவர் எழுந்துபோய், டெக்கின் முன்பக்கம் இருந்த பொத்தான்களில் அம்புக்குறி போட்டிருந்த ஒன்றை அமுக்கினார். அது இடதுபக்க அம்பு.

வெள்ளைப்புடவை சுவரிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தது. மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கியது. விடுவிடுவென்று வாசலை நோக்கி வந்தது.

"ஐயோ, திரும்ப வர்றா!" என்றார் தியாகராசன். நர்ஸம்மாவுக்கு இதுவரை கொடுத்துவந்த மரியாதை அந்த அவசரத்தில் போய்விட்டது.

அடுத்த பொத்தானை அமுக்கினார். அதற்கடுத்ததையும் அமுக்கினார். மூன்று கட்டளையை ஒரே நேரத்தில் வாங்கிய டெக் உள்ளே கரகரவென்று எதையோ மென்றது. திரையில் பேயின் முகம் பெரிதாக, கோணலாக வந்து நின்றது. நின்றது நின்றதுதான். கீழே இரண்டு கோடுகள் மட்டும் ஓடின.

"டேப்பு சிக்கிக்கிச்சு மாமா" என்றான் மன்சூர்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று.

இருட்டில் ஏதோ அவர் கையைப் பிடித்தது. தியாகராசன் எழுப்பிய சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது.

"நான்தான் மாமா, கைரு."

"தெரியும், தெரியும். பயப்படாத கைரும்மா. மாமா இருக்கேன்."

"சரி மாமா" என்று கைரு கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மன்சூர் தீப்பெட்டியைத் தேடி அரிக்கேன் விளக்கை ஏற்றினான். அந்த வெளிச்சத்திலேயே டெக்கைத் தட்டித் தடவிக் கேசட்டை வெளியே எடுத்தான். கேசட்டோடு ஒரு கொத்து டேப்பு, புளியோதரைக்குள்ளிருந்து வந்த தலைமுடி மாதிரி, நீளமாக வந்தது. டெக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. படத்தின் கதை முடிந்துவிட்டது.

தியாகராசன் திண்டாடிப்போனார். பேய்ப்படம் போட்டாகிவிட்டது. பாதியில் நின்றும் ஆகிவிட்டது. அவர் சட்டப்படி அந்தப் பேய் இப்போது கூடத்தில்தான் நிற்கவேண்டும். மூன்று பிள்ளைகளின் மனசிலிருந்து அதை வெளியே அனுப்பாமல் தூங்க வைக்க முடியாது. அதற்கு ஒரு முடிவு வேண்டும்.

"மீதிக் கதைய நான் சொல்றேன், கேளுங்க" என்றார். "அந்தம்மா எதுக்கு அந்த வூட்டையே சுத்திச் சுத்தி வந்துச்சு தெரியுமா?"

"நர்ஸம்மாவா?"

"நர்ஸ் வேலையில இருந்தப்பவே செத்துப்போனவங்க. ஆனா அவங்க செத்தத யாரும் பதியல. இருபத்தொரு நாளைக்குள்ள பதியணும். வூட்டுக்காரங்க அசட்டையா விட்டுட்டாங்க. பதியாததுனால கணக்குப்படி அவங்க உசிரோட இருக்காங்க. அங்கயும் போவ முடியல, இங்கயும் இருக்க முடியல."

விளக்கு வெளிச்சத்தில் மூவரும் நெருங்கி உட்கார்ந்தார்கள். தியாகராசனுக்குக் குரல் தெளிந்துவிட்டது. இது அவருடைய மேசை, அவருடைய நாற்காலி.

"ஒரு நாள் அந்தம்மாவே நகராட்சிக்கு வந்துச்சு. வரிசையில நின்னுச்சு. கிளார்க்கு கேட்டாரு, 'என்னம்மா வேணும்?' 'இறப்புச் சான்றிதழ் ஒண்ணு வேணும்ங்க.' 'யாருக்கு?' 'எனக்குத்தாங்க.'"

கைரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கிளார்க்கு பயந்துட்டாரா?"

"அவர் எதுக்குப் பயப்படணும்? தாமதத்துக்கு ஒரு மனு எழுதி வாங்குனாரு. சாட்சி ரெண்டு பேரு வேணும்னாரு."

"செத்துப்போனவங்களுக்கு யாரு மாமா சாட்சி வருவா?" என்றான் மன்சூர்.

தியாகராசன் யோசித்தார். சட்டத்தில் அதற்கு இடமில்லை. "அந்த வூட்டுல குடியிருக்கிறவங்களே வந்தாங்க. தெனம் பாக்குறவங்கதான? சீல் வச்சுக் குடுத்த ஒடனே அந்தம்மா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போச்சு. அதுக்கப்புறம் வரவே இல்ல."

மூன்று பேரும் பெருமூச்சு விட்டார்கள். நாலாவது பெருமூச்சு ஒன்றும் கேட்டது. அது அவருடையது.

படுக்கப் போகுமுன் கொல்லைப்பக்கம் போகவேண்டியிருந்தது. அவர் விளக்கை எடுத்ததும் மூவரும் எழுந்தார்கள். "எங்களுக்கும் வருது மாமா." போனார்கள். திரும்பும்போதுதான் கவனித்தார், மூன்றில் ஒன்றுக்கும் வந்ததாகத் தெரியவில்லை. பாவம், தனியே இருக்கப் பயம், துணைக்கு வந்திருக்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோனார்.

பாயை அல்லிதான் விரித்தாள். நடுவில் அப்பாவுக்கு, ஒரு பக்கம் அவளுக்கு, மறுபக்கம் கைருவுக்கு, தலைமாட்டில் குறுக்காக மன்சூருக்கு. நடுவில் இருந்தால் எல்லாப் பக்கமும் காவலாக இருக்கலாம் என்று அவருக்கும் அது பிடித்திருந்தது.

"மாமா, வெளக்க அணைக்காம சின்னதா வச்சிரவா?" என்றான் மன்சூர்.

"வையிப்பா. உங்களுக்கு அதுதான் சவுகரியம்னா வையி."

பத்து நிமிஷத்தில் தியாகராசன் குறட்டை விட்டார்.

விடிந்தது. பிள்ளைகள் மூன்றும் அவருக்கு முன்பே எழுந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தன. தியாகராசன் ஒவ்வொரு நெற்றியாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றிலும் சூடு இல்லை. மூன்றும் தனித்தனியே கொல்லைப்பக்கம் போய் வந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு நிம்மதியை அவர் பதவி உயர்வு வந்த அன்றுகூட அனுபவித்ததில்லை.

கேட்டைத் திறந்துகொண்டு ஷரீபுன்னிசா வந்தாள். "என்ன கைரு, என்ன படம் பாத்தீங்க?"

"ஏ படம் உம்மா!" என்றாள் கைரு, தெருவுக்கே கேட்கும்படி. "மாமா எடுத்துட்டு வந்தாங்க. முதல் தரம்!"

ஷரீபுன்னிசா அப்படியே நின்றாள். எதிர்வீட்டு வாசலில் பேப்பர் ஒன்று மடிக்கப்படும் சத்தம் கேட்டது. ஒரு மாதமாகச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டிருந்த வைத்தியலிங்கம் தெருவைக் கடந்து நேராக வந்தார்.

"ஏ படமா?"

"பேய்ப்படம்ங்க" என்று தியாகராசன் அவசரமாகச் சொன்னார். "அதுக்காகத்தான் ஏ. வேற ஒண்ணும் இல்ல தங்கச்சி, சத்தியமா. தெட்சிணாமூர்த்தி குடும்பப் படம்னு குடுத்துட்டாரு."

"முழுசாப் போட்டீங்களா?" என்றார் வைத்தியலிங்கம்.

"பாதியில... டேப்பு சிக்கிக்கிச்சு."

வைத்தியலிங்கம் அவசரப்படவில்லை. ஒரு மாதம் காத்திருந்தவருக்கு அவசரம் எதற்கு? விரலை மெதுவாக மடக்கினார். "போன மாசம் இதே எடத்துல நின்னு ரெண்டு தப்புன்னு சொன்னீங்க சார். ஒண்ணு..."

அந்த நேரத்தில், முதல் பஸ்ஸில் வந்த அஞ்சுகம் கையில் வளைகாப்புச் சாதப் பொட்டலங்களோடு தெருமுனையில் திரும்பினாள். கூட்டத்தைப் பார்த்ததும் நடையை எட்டிப் போட்டாள். "என்னங்க ஆச்சு? ராத்திரி ஏதாச்சும் பயந்து..."

தியாகராசன் நிமிர்ந்தார். தப்பு இரண்டும் நடந்தது உண்மைதான். ஆனால் ஒரு பிள்ளைக்கும் காய்ச்சல் இல்லை, ஒரு பிள்ளையும் அலறவில்லை. அதைச் செய்து காட்டியவர் அவர்.

"எல்லாரும் இங்கயே இருக்கீங்க, நல்லதாப் போச்சு" என்றார், வைத்தியலிங்கத்தின் மடங்கிய விரலைப் பார்த்துக்கொண்டே. "இந்த வூட்டுல ராத்திரி யாராச்சும் பயந்தாங்களான்னு பிள்ளைங்களையே கேட்டுக்கங்க!"

கைரு ஓடிப்போய் அஞ்சுகத்தின் புடவையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"மாமா ரொம்பப் பயப்படல அத்தை, நீங்க சொன்ன மாதிரியே மாமாவ ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாம நடுவுல போட்டுப் படுத்துக்கிட்டோம், இனிமே நீங்க எத்தன நாள் வேணும்னாலும் ஊருல இருந்துட்டு வாங்க!"